குட்டையாடும் என் தீவனக் கொள்கையும்

அரைகுறையாகப் படித்தவனிடம் உயிருள்ள எதையும் ஒப்படைக்கக் கூடாது. எண்பதுகளில் பம்பாயில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என்னிடம், காசிம் மச்சான் இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஒப்படைத்தார். என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவரான அவர், தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்தார். குட்டிகள் பக்ரீத்துக்காக வாங்கியவை.

ஒன்று வடக்கத்தி ஜாதி, காலே பாதி ஆள் உயரம். மற்றது குட்டை இனம். தீனி சரியாக இருந்தால் வம்சமெல்லாம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. (பரம்பரை பற்றிப் பாடம் நடந்த மாதம் எனக்கு மஞ்சள் காமாலை.) பண்டிகைக்குள் இரண்டும் ஒரே உயரம் வந்துவிடும் என்று மச்சானிடம் அடித்துச் சொன்னேன். பட்டறை மாடியில் கட்டி, இரண்டுக்கும் சோளமும் புண்ணாக்கும் ஒரே அளவாகப் போட்டேன்.

நெட்டை தின்றதையெல்லாம் உயரமாக்கியது. குட்டை எல்லாவற்றையும் அகலமாக்கியது. வளரவில்லையே என்று அதன் பங்கை மட்டும் கூட்டினேன். இன்னும் அகன்றது. இது வளர்ச்சிக்கு முந்தைய கட்டம் என்று லாத்தாவுக்கு விளக்கினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஆடுகளை இறக்கினோம். நெட்டை இரும்புப் படியில் குதித்து ஓடிவிட்டது. குட்டை பாதிப் படியில், இரு பக்கக் கம்பிகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நான் மேலிருந்து தள்ள, மச்சான் கீழிருந்து இழுக்க, அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சிலிருந்த ஜமால் மாமா செம்பூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அவருக்குத் தெரிந்தது ஆட்டின் முகமும் அதற்கு மேலே என் முகமும்தான். இரண்டும் ஒரே மாதிரி முழித்தன.

மச்சான் அவசரமாக என் படிப்பின் பெருமையை எடுத்துவிட்டார். மாமா நிதானமாக என்னைக் கேட்டார்:

"ஏம் மாப்ளே, நீரு ஆட்ட வளத்தீரா, வழிய அடைச்சீரா?"

ஒரே தீனியை ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு விதமாக ஏற்கும் என்று, அந்த நொடியில் உதித்த ஞானத்தை விளக்க வாய் திறந்தேன். ஆடு புளித்த சோள ஏப்பம் ஒன்றை மாமாவின் முகத்தில் விட்டது.

பட்டறை ஆட்கள் கம்பியைக் கழற்றித்தான் அதை மீட்டார்கள். வயிறு உப்பி நோயான ஆட்டைக் குர்பானியாகப் பலி கொடுக்கக் கூடாது. நெட்டைதான் போனது. குட்டையை மாமா செம்பூருக்குக் கொண்டுபோய், வைக்கோலும் தழையும் போட்டுத் தேற்றினார். அதைப் பார்க்கப் போகும் சாக்கில் நானும் அவர் மகளும் பேசிப் பழகினோம். கல்யாணமும் நடந்தது.

எங்கள் மகனும் என்னைப் போல் குட்டைதான். அவன் தட்டில் என் மனைவி இன்னொரு தோசை வைக்கும்போதெல்லாம், மாமா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்:

"அளவா வையிம்மா. புள்ள படி எறங்கணும்லா."