சைவ ஊசி

"பண்டியின்ரை சாறு எனக்கு வேண்டாம். உதை அங்காலை கொண்டுபோ!"

கனகசபாபதி சாரத்தை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அருமைநாயகி ஊசியும் கையுமாக நின்றாள். மூன்று நாளாக இதே கூத்து. நேற்று வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறப்போன மனுசன் வரம்பிலேயே சரிந்துவிட்டார். இன்னும் நாலு நாள் போனால் ஆள் இல்லை.

எல்லாம் அயல்வீட்டுச் சோமசேகரம் மாஸ்ரர் செய்த வேலை. அவருக்கும் சலரோகம்தான். ஏதோ பழைய இங்கிலீசுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னார்:

"இன்சுலின் எண்டது பண்டியிலையும் மாட்டிலையும் எடுக்கிற சாமான் அண்ணை. வெளிநாட்டிலை இப்ப மிருகமே இல்லாமல், கிருமியை வளர்த்துச் செய்யினமாம். சுத்த சைவம். எங்களுக்கு எங்கை கிடைக்கப்போகுது?"

"அது வந்தால் போடுறன். இல்லாட்டிச் சாகிறன்" என்றார் கனகசபாபதி.

அருமைநாயகி அடுப்படிக்குப் போனாள். கரண்ட் இல்லாத ஊரில் மருந்துப் போத்தில் ஈரமணல் சட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்து, வெங்காயத் தாள் அரிகிற கத்தியால் லேபலைச் சுரண்டினாள்.

"கொழும்பிலை இருந்து தம்பி குடுத்துவிட்டவன். சைவம்."

"லேபல் எங்கை?"

"கிளாலிக் கடலிலை வள்ளத்திலை வரேக்கை நனைஞ்சு போச்சு."

குத்தினாள். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியே, ஏறினதே தெரியேல்லை. பண்டி எண்டால் உறுமிக்கொண்டெல்லே ஏறும்!"

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பின்னேரமே மாஸ்ரர் வந்தார். பேப்பரில் சுற்றிய போத்திலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, இந்தச் சனியனைத் தூர எறிஞ்சுவிடு. நான் கண்ணாலையும் பார்க்கமாட்டன். தம்பியிட்டைச் சொல்லி எனக்கும் ஒரு சைவம் எடுத்துத் தா."

சண்டையால் மருந்தே வராத காலத்தில் மருந்தை எறிய யாருக்கு மனம் வரும்? அதையும் சுரண்டி, மூன்றாம் நாள் அவரிடமே கொடுத்தாள். மாஸ்ரர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்து மருதனார்மடத்திலிருந்து இரண்டு பேர். சொன்ன பொய்க்கு ஆஞ்சநேயரிடம் நேர்ந்து வைத்தாள், போத்திலுக்குப் பதினொரு வடை. உழுந்து விற்ற விலைக்கு நாலு போத்திலுக்கும் வடை சுட்டால் ஆளையே விழுங்கும்.

மாதமுடிவு வந்தது. வெறும் போத்திலையும் மருந்து அட்டையையும் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் புதுப்போத்தில். "பண்டி மருந்து குடுக்கிற இடத்துக்கு நாங்கள் வரமாட்டம், வெறும் போத்திலும் மருந்துக் காட்டும் எங்களுக்கு ஏன்?" என்று மற்ற மூவரும் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். சேர்த்து எடுத்தால் தன் புருசனுக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று அவளும் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள்.

மருந்து கொடுக்கிற மக்டலீன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள்.

"நாலு காட். நாலு போத்தில். ஒண்டிலையும் லேபல் இல்லை. வித்துப்போட்டு வேறை ஏதும் போத்திலைக் கொண்டு வாறியளோ? டொக்டரிட்டைச் சொல்லி நிப்பாட்டப்போறன்."

அருமைநாயகி முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"பண்டி எண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் ஊசி போடாமலே செத்துப்போகும் பிள்ளை. பாவம் என்னோடை போகட்டும். மருந்தை நிப்பாட்டாதையுங்கோ."

மக்டலீன் பெட்டியிலிருந்து ஒரு புதுப் போத்திலை எடுத்தாள். லேபலை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தாள். பிறகு மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எந்தப் பண்டி அக்கா? போன வருசம் தொடக்கம் கிருமியை வளர்த்துச் செய்யிறதுதான் வருகுது. நீங்கள் சுரண்டி எறிஞ்ச லேபலிலை அதைத்தானே எழுதியிருந்தது!"