கேர்னலில் வெட்டுப்பட்ட முப்பத்திரண்டு பேர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தோட்டத்து மாதா கோயில் மணிமேல் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். மணி உயரத்தில் தொங்குவதால் கயிற்றின்மேல் கைவைத்துச் செய்தாயிற்று. கொஞ்சம் மிகையாகத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. அதையும் எடுத்து வெளியே போட்டாயிற்று. மிச்சமெல்லாம் உண்மை.

1985ஆம் ஆண்டு, மழை விடாத ஒரு திங்கட்கிழமை காலை. நோர்வூட்டுக்கு மேலே கிளென்பிராக் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், இரண்டாவது கிளாக்கர் செபமாலை ஒரு கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. ‘பேனிக்’. பீதி அடை என்று அர்த்தம். செபமாலை அடைந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து தோட்டக் கூட்டுத்தாபனத்துச் சேர்மன் வருகிறார். அதற்குள் இந்த மெசின் அந்த வாரத்துக் கொழுந்துக் கணக்கை அச்சடித்துக் கொடுத்தால் செபமாலை பெரிய கிளாக்கர். புகைபோக்கி வைத்த குவாட்டர்ஸ் அவருக்கு. கொடுக்காவிட்டால் பட்டிப்பொலப் பக்கத்துக் கிளைத் தோட்டத்துக்கு மாற்றம். அங்கே பனிமூட்டம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும். அவர் மனைவி ஐவிக்கோ வருஷத்தில் எட்டு மாசம் மூச்சிழுப்பு. அவள் அந்தப் புகைபோக்கி வீட்டு ஜன்னல்களை ஏற்கெனவே அளந்து திரைச்சீலையும் தைத்துவிட்டாள்.

சனிக்கிழமை லொறியில் வந்த இஞ்சினியர் றோலண்ட் பெட்டியை இறக்கினார், வயர்களை மாட்டினார், செங்கல் பருமனில் ஒரு புத்தகத்தையும் ஒரு டேப்பையும் நீட்டினார்.

“கேர்னல மட்டும் நீங்க ரெடி பண்ணி வைங்க மிஸ்டர் செபமாலை. பெட்டியத் திறந்துறாதீங்க, சீல் வச்சிருக்கு. நான் இன்னொரு நாள் வாறேன்.”

“கேர்னல்னா என்னாங்க?”

“எல்லாம் புத்தகத்துல இருக்கு,” என்று சொல்லும்போதே அவர் லொறியில் ஏறியிருந்தார்.

தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் ரேடியோவைச் செபமாலை ஒருமுறை தட்டிச் சரிப்படுத்தியிருந்தார். அன்றிலிருந்து கரண்டில் ஓடுகிற எதுவும் அவர் தலையில்தான் விடியும்.

மத்தியானத்துக்குள் புத்தகத்தில் நாற்பது பக்கம் போயிருந்தது. விஷயம் அப்படியொன்றும் சிக்கலில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புகிறார்கள் அல்லவா? கம்பியூட்டருக்குள்ளும் அதே பெரட்டு நடக்கிறது. அதை நடத்துகிற தலைக்கங்காணிதான் கேர்னல். அந்தக் கங்காணி கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். டேப் ஓட்டி, அச்சு மெசின், டிஸ்க் தட்டு, திரை என்று ஐம்பத்திரண்டு பேர். இவர்களில் யார் நம்மிடம் இருக்கிறார்கள் என்று பார்த்து லிஸ்டைத் திருத்தி, நம் புரோசசருக்கு, அதாவது மெசினின் மூளைக்கு, அளவாகக் கேர்னலைக் கட்டவேண்டும். சட்டை தைக்கிற மாதிரி. அளவு தப்பினால் மெசின் பீதி அடையும்.

புரோசசரில் இரண்டு ஜாதி என்றது புத்தகம். பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட். பதினாறில் கேர்னலுக்குக் கிடைப்பது அறுபத்து நான்கு கிலோபைட் இடம். தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பிரா, அதாவது ஒற்றை அறை அளவு. முப்பத்திரண்டில் கிடைப்பது பங்களா. எது நம்முடையது என்பது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு சீல் இருக்கிறது.

சோற்றுக்கு வீட்டுக்குப் போனவர் ஐவியிடம் கேட்டார்.

“பெரிசுன்னே எழுதிப் பாருங்களேன்,” என்றாள் அவள், ரசத்தை ஊற்றியபடி.

“ஏன் ஐவி, நூத்தம்பது வருஷத்துல கொழும்புல இருந்து நமக்கு எதையாச்சும் பெரிசா அனுப்பியிருக்கானா?”

ஐவி யோசித்தாள். “இல்லதான்.”

“அப்ப சின்னதுதான்.”

விஞ்ஞானபூர்வமாக அந்தக் கேள்வி அத்துடன் தீர்ந்தது. செபமாலை திரும்பி வந்து ‘பதினாறு பிட்’ என்று அடித்து, கேர்னலைக் கட்டச் சொன்னார். டேப் மூன்று மணி நேரம் சுற்றியது. பிறகு திரை சொன்னது: இடம் போதாது.

போதாதுதான். ஒரு காம்பிராவில் பதினோரு பேர் படுக்கலாம். அதைச் செபமாலை பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார். ஐம்பத்திரண்டு பேர் படுக்க முடியாது. லிஸ்டை அச்சடித்து எடுத்து, தோட்டத்தில் இல்லாத சாமான்களின் பேர்களைச் சிவப்புப் பென்சிலால் வெட்ட ஆரம்பித்தார். அட்டை வாசிக்கிற மெசின், வெட்டு. கடுதாசி நாடா, வெட்டு. தொலைபேசி வழி, வெட்டு. தோட்டத்து டெலிபோன் மழைக்காலத்தில் வேலை செய்யாது. வெயில்காலத்தில் எப்படி என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஆபீஸ் கூட்டுகிற காளியாயி விளக்குமாற்றோடு பின்னால் நின்றாள்.

“என்னாங்கய்யா வெட்டுறீங்க?”

“பேரு.”

“எத்தன பேரு?”

“முப்பத்திரெண்டு,” என்றார் செபமாலை, தலையைத் தூக்காமல்.

காளியாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆபீசில் சிவப்புப் பென்சில் என்றால் என்ன, லிஸ்ட் என்றால் என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நேராக மேல் லயத்துக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரட்டுக் களத்தில் முந்நூறு பேர் கூடையோடு நின்றார்கள். ஒருவரும் மலை ஏறவில்லை. எட்டு மணிக்குத் தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை நான்கு பேரோடு ஆபீசுக்குள் வந்தார்.

“கிளாக்கரய்யா, முப்பத்திரெண்டு பேரை வெட்டிட்டீங்களாமே?”

“அது ஆளுக இல்லீங்க தலைவரே. கம்பியூட்டர் சாமானுக.”

“சாமானுக்கு எதுக்கு லிஸ்ட்டுல பேரு?”

“வேல கொடுக்கத்தான்.”

“வேல கொடுத்தா அவன் வேலக்காரன்தானே?”

செபமாலை சிவப்புப் பென்சிலை மேசைக்குள் போட்டு மூடினார்.

“சரி, என்னா குத்தத்துக்கு வெட்டுனீங்க?”

“அவுங்க இங்க இல்லவே இல்லீங்க தலைவரே. வேலைக்கே வரல.”

“எச்சரிக்கைக் கடுதாசி கொடுத்தீங்களா?”

“இல்லாதவனுக்கு எப்பிடிங்க கொடுக்கிறது?”

“அதத்தான் நானும் கேக்கிறேன். ஒரு கடுதாசிகூடக் கொடுக்காம வெட்டியிருக்கீங்க. இன்னைக்கி அட்டை வாசிக்கிறவனை வெட்டுவீங்க. நாளைக்கி?” சோலைமலை கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே மழையில் முந்நூறு பேர் நின்றார்கள்.

பத்து மணிக்குப் பெரிய தொரை வந்தார். கொழுந்து முற்றுகிற கவலை அவருக்கு. விஷயத்தைக் கேட்டார், புரியவில்லை. “அந்தப் பேரெல்லாம் திரும்பப் போடு!” என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினார். செபமாலை ஐம்பத்திரண்டையும் திரும்பப் போட்டார். சனம் மலை ஏறியது. மெசின் பேனிக் என்றது. இந்தத் தடவை அச்சு மெசினிலும் சொன்னது. முப்பது அடிக் கடுதாசி முழுக்க.

சாயந்தரம் அந்தக் கடுதாசியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த தொரை, “என்ன இது? அந்தப் பேரெல்லாம் எடு!” என்றார்.

புதன்கிழமை செபமாலை தந்திரமாக முப்பத்திரண்டு பேரையும் பென்சில் இல்லாமல், கடுதாசி இல்லாமல், திரையிலேயே வெட்டினார். ஆனால் வெட்டும்போது அவர் முகம் வெட்டுகிறவன் முகமாகவே இருந்தது. காளியாயி முகத்தைப் பார்த்தாள், லயத்துக்குப் போனாள். வியாழக்கிழமை கொழுந்துக்காரர்களோடு தேயிலைப் பேக்டரி ஆட்களும் வேலையை நிறுத்தினார்கள். கொத்மலைப் பக்கம் மூன்று தோட்டங்கள், காரணம் தெரியாமலே, ஆதரவு தெரிவித்தன.

அன்று காலை ஐவி திரைச்சீலைகளை மடித்துத் தகரப்பெட்டியில் வைப்பதைச் செபமாலை பார்த்தார். கம்பளிச் சட்டைகளை எடுத்து மேலே வைத்தாள்.

அவர் நேராக லயத்துக்குப் போய்ச் சோலைமலையின் வாசலில் நின்றார்.

“தலைவரே, வெட்டுனா நீங்க விடமாட்டேங்குறீங்க. வெட்டாட்டி மெசின் விடமாட்டேங்குது. இருக்கிறது ஒரே காம்பிரா. அம்பத்திரெண்டு பேரு. நான் என்னா செய்யட்டும்?”

காம்பிரா என்றதும் சோலைமலையின் முகம் மாறியது. அவர் வீட்டில் ஒன்பது பேர்.

“இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உள்ளுக்கு வாங்க. தேத்தண்ணி குடிங்க,” என்றார். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே யோசித்தார். “எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணாவா படுக்கிறோம்? பேக்டரிக்குப் போறவன் ராத்திரி போவான், மலைக்குப் போறவ பகல்ல போவா. வேல இருக்கிறவன் உள்ளுக்கு. இல்லாதவன் வெளிய. ஆனா எல்லாரு பேரும் ஆபீஸ் செக்ரோல் பதிவுல இருக்கு, இல்லியா?”

“இருக்கு.”

“அப்பிடி வைங்க. லிஸ்ட்டுல பேரு இருக்கட்டும். வேல வந்தா மட்டும் உள்ள கூப்பிடுங்க, முடிஞ்சா வெளிய அனுப்புங்க. ஒருத்தனையும் வெட்ட வேணாம்.”

செபமாலை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். பல வருஷம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் இதே ஏற்பாட்டைக் கண்டுபிடித்து ஒரு பெயரும் வைத்தார்களாம். சோலைமலையிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஏற்பாடு சும்மா நடக்கவில்லை. சங்கம் கையெழுத்துக் கேட்டது, நிபந்தனையும் போட்டது. கம்பியூட்டருக்குள் இருக்கும் ஐம்பத்திரண்டு பேருக்கும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் தேத்தண்ணி நேரம். செபமாலை அதையும் கேர்னலில் எழுதினார். மறுபடி மூன்று மணி நேரம் டேப் சுற்றியது.

சாயந்தரம் ஐந்து மணிக்கு, ஜன்னலில் இருபது தலை எட்டிப் பார்க்க, மெசின் கண் விழித்துப் பெரட்டு எடுத்தது. செபமாலை ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தார்.

“டேப் ஓட்டி, வந்திருக்கு! அச்சு மெசின், வந்திருக்கு! அட்டை வாசிக்கிறது, வரல! ஆனா பேரு இருக்கு!”

“பேரு இருக்கு!” என்று ஜன்னலுக்கு வெளியே கைதட்டினார்கள். காளியாயி மூக்கைச் சிந்தினாள்.

வெள்ளிக்கிழமை சேர்மன் சரியாகப் பத்து மணிக்கு ஆபீசுக்குள் கால் வைத்தார். சரியாகப் பத்து மணிக்கு மெசின் நின்றது. திரையில் ஆங்கில எழுத்தில் ‘தேத்தண்ணி’ என்று ஒரு வரி.

பெரிய தொரையின் முகம் வெளுத்தது. செபமாலையின் மனக்கண்ணில் பட்டிப்பொல ஸ்டேஷன் தெரிந்தது.

“மொகத?” என்றார் சேர்மன். என்ன இது என்று சிங்களத்தில்.

“ஒப்பந்தம், சேர்!” என்றார் வாசலில் நின்ற சோலைமலை.

சேர்மன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் தேத்தண்ணி வந்தது. பத்து நிமிஷம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு மெசின் தானாக எழுந்து, தொண்டையைச் செருமினாற்போல் ஒரு சத்தம் போட்டு, அந்த வாரத்துக் கொழுந்துக் கணக்கை மலை வாரியாக, ஆள் வாரியாக, ஒரு இறாத்தல் பிசகாமல் அச்சடித்துத் தள்ளியது.

“என்னுடைய ஆபீசில் நாற்பது பேர் தேத்தண்ணிக்குப் போகிறார்கள்,” என்றார் சேர்மன், கடுதாசியைக் கிழித்து எடுத்தபடி. “நேரத்துக்குத் திரும்பி வந்த ஒருத்தனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஐவி திரைச்சீலைகளைத் தொங்கவிட்டாள். அளவு கச்சிதம். புகைபோக்கியில் விறகு வெடித்தது. அவள் இழுப்பு இல்லாமல் மூச்சு விட்டாள். செபமாலை காலை நீட்டிப் பெரிய கிளாக்கராகக் கொட்டாவி விட்டார். அதற்கடுத்த மூன்று வாரமும் மெசின் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

நான்காம் வாரம் றோலண்ட் இஞ்சினியர் வந்தார். கையில் ஒரு சின்னத் தோல் பை. ஓடிக்கொண்டிருந்த மெசினைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கேர்னல எந்தப் புரோசசருக்குக் கட்டினீங்க?”

“பதினாறு பிட்டுங்க. சின்னது.” செபமாலைக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். ஐவி சொன்னது சரியாக இருந்துவிட்டால்? பங்களாவை வைத்துக்கொண்டா இத்தனை பேரையும் காம்பிராவில் அடைத்தோம்? “ஏன் சேர், பெரிசா அனுப்பிட்டீங்களா?”

றோலண்ட் சீலை உடைத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். கொழுந்துக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

“சின்னதும் இல்ல, பெரிசும் இல்ல மிஸ்டர் செபமாலை,” என்றார் மெதுவாக. “புரோசசர் என் பைக்குள்ளதான் இருக்கு. அதைப் பூட்டத்தானே இன்னைக்கி வந்தேன்.”