உட்கார்ந்தவனை வெட்டலாமா?

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. அன்னைக்கு செத்தது அவன் கோடாரிக்காரன்தான்."

"அண்ணே, அவரு உங்க மூக்குக்கு நேராத்தான் உட்கார்ந்திருக்காரு. நீங்களே சொல்லுங்களேன்!"

கொக்கி சொல்லமாட்டான். கிடங்கு மூடிய அன்று அவனுக்கும் தொப்பிக்கும் நடுவே அறுந்த பேச்சு அது.

கிடங்கில் மூட்டை சுமந்த காலத்தில் அவனும் தொப்பியும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அப்போது கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியில் கிடைத்தது அந்தச் சீட்டுக்கட்டு. சீட்டுக்குச் சீட்டு காட்டுவீரர்கள். சடைமுடி, வெற்றுமார்பு, கையில் ஆயுதம். எழுத்து மட்டும் ஏதோ அந்நிய மொழி.

"நம்ம ஆளுங்கடா மச்சான், ஒருத்தனுக்காவது சட்டை இருக்கா பாரு" என்று சிரித்தான் தொப்பி.

சீட்டின் மூலையில் இருந்த எண், அந்த வீரன் தூக்கும் மூட்டைக் கணக்கு என்று முடிவானது. அதிகம் தூக்குகிறவன் குறைவாகத் தூக்குகிறவனை வெட்டுவான். களைத்தவனின் சீட்டைப் படுக்கைவசமாகத் திருப்பி வைத்தால் அவன் உட்கார்ந்துவிட்டான், ஓய்வு. ஓய்வில் இருப்பவனை வெட்டக் கூடாது, அது பாவம்.

கடைசி நாள் ஆட்டத்தில் தொப்பியின் கோடாரிக்காரனைக் கொக்கி வெட்டினான். "உட்கார்ந்தவனை வெட்டிட்டியேடா" என்றான் தொப்பி. "காத்துல திரும்பின சீட்டுடா அது" என்றான் கொக்கி. அவ்வளவுதான், நட்பு முறிந்தது.

முதுகு போய் வீட்டில் முடங்கிய பிறகுதான் கொக்கிக்கு உறைத்தது. பழைய கதை பேசினால் சிரிக்க உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். வெட்கத்தை விட்டு தொப்பி வீட்டுக்கே வந்துவிட்டான், சீட்டுக்கட்டோடு.

"மறுபடி ஆடித் தொலைங்க" என்றாள் தொப்பியின் மனைவி.

ஆடினார்கள். மின்விசிறிக் காற்றில் மறுபடியும் ஒரு சீட்டு திரும்பியது. ரகளை. விசிறியை நிறுத்தினார்கள். வியர்வையில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின. பிரித்ததில் ஒரு வீரனுக்குத் தலை போயிற்று. மிச்சம் இருந்தவர்களை மேசையில் ஒட்டுநாடா போட்டு ஒட்டினார்கள். உரித்தபோது மேசையின் வண்ணமும் கூடவே வந்தது.

"ஐயோ, என் மேசை! ரெண்டு பேரும் கிளம்புங்க. சீட்டு விக்கிற கடையில கேட்டுட்டு வாங்க!"

தெருவின் இந்த ஓரம் கொக்கி, அந்த ஓரம் தொப்பி. நடுவில் அவள்.

கடைக்காரம்மா வழக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். இந்த மாதிரிக் கட்டுகளை விற்றுப் பழகியவள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோடாரிக்காரனின் காலடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"செத்தானா இல்லையாம்மா?" என்றான் கொக்கி.

"எதுக்குங்க எதிரெதிரா உட்கார்ந்து ஆடினீங்க? காட்டுவீரங்க எல்லாம் ஒரே கட்சி, ஒருத்தனை ஒருத்தன் வெட்டவே முடியாது. பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டு பேருக்கும் பலம் கூடும்னுதான் இதுல போட்டிருக்கு."