டியூட்டியில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கி

பெங்களூரில் எது பழுதாகிக் குப்பைக்குப் போனாலும், அதன் கடைசிப் பயணம் அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தகர ஷெட்டில்தான் முடியும். வளைந்த விளக்குக் கம்பம், உடைந்த சாக்கடை மூடி, கண் அவிந்த சிக்னல், பஸ் ஜன்னல் கம்பி எல்லாம் உள்ளே போகும். யானையாகவோ கொக்காகவோ வெளியே வரும். அந்த ஷெட்டின் சொந்தக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். தெருவுக்கு அவர் பேரிகேட். சாலையை மறித்து மஞ்சளும் கறுப்புமாக நிற்குமே, அதே பேரிகேட்தான். அவரும் வழியில் போகிறவர்களை அப்படித்தான் மறிப்பார்.

"டீச்சரம்மா, முக்குல இருந்த டிரான்ஸ்பார்மர மாத்திட்டாங்க, பாத்தீங்களா? பழசு என்னா அழகு! தோள் மட்டும் பயில்வான் மாதிரி!"

நான் முதல் பீரியடுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். டிரான்ஸ்பார்மருக்குத் தோள் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

திருடுகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் குஜரிக் கடையில், அதாவது உங்கள் ஊர்க் காயலான் கடையில், எடைக்கு வாங்கியவை. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "வேலை முடிஞ்ச பொருளத்தான் தொடுவேன். வேலையில இருக்கிறது மேல கை வைக்க மாட்டேன்."

உயர்ந்த சட்டம் என்று எண்ணி ஒருநாள் அவருக்குக் காபி கொடுத்தேன். டம்ளர் திரும்பி வரவில்லை. மறுவாரம் ஷெட் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மயில் நின்றது. அதன் கொண்டை என் எவர்சில்வர் டம்ளர்.

"என்னங்க இது?"

"காபி தீந்துடிச்சில்ல டீச்சரம்மா? அதோட வேலை முடிஞ்சிடிச்சி."

அத்துடன் எங்கள் வீட்டுக் காபிக்கும் அவருக்கும் உறவு முடிந்தது.

அந்த மயிலுக்குக் கண்கள் பழைய சிக்னலின் சிவப்பு விளக்குகள். ஒரு மாலை அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். சற்று நேரத்தில் தெருவில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றுவிட்டன. உண்மையான சிக்னலில் ஒருநாளும் நிற்காதவர்கள் மயிலுக்கு நின்றார்கள். முதல் ஆட்டோக்காரர் பொறுமையிழந்து தலையை நீட்டி, "கிரீன் யாவாக ரீ பரத்தே?" என்றார். பச்சை எப்போது வரும் என்பது அவர் கவலை.

"மயிலுக்கு ரெட்டு மட்டும்தான் குரு!" என்று ஷெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதற்கு அந்த ஆட்டோக்காரர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் போடாது.

என் தம்பியின் கிரகப்பிரவேசத்துக்குப் போர்வெல் குழாயில் பூ ஜாடி செய்து கொடுத்தார். தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர்கள் எங்கே மூச்சுவாங்கி இறக்கினார்களோ அங்கேதான் அது இன்றும் இருக்கிறது. அந்த வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு யோகம் அடித்தது. நகரத்துக் கலைக்கூடம் ஒன்று, ஒரு பெரிய கண்காட்சிக்கு அவரை அழைத்தது. அதுவரை அவருடைய படைப்புகளைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆட்டோக்காரர்கள், காக்கைகள். அதற்காக மாதக்கணக்கில் வெல்டிங் புகையில் கிடந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி செய்தார். நான்கு கால்களும் பேரிகேட் குழாய்கள். கழுத்து ஒரு தெருவிளக்குக் கம்பம். உடம்பெங்கும் புள்ளிகளாக, சாலையில் பதிப்பார்களே, வெளிச்சம் பட்டால் மின்னும் சில்லுகள், அவை.

"ஆறு மணிக்குள்ள வைக்கணுமாம் டீச்சரம்மா. இல்லாட்டி இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்" என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். சவரம் செய்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழையைப் பற்றி ஒரு தாயிடம் கேளுங்கள். என் மகள் தாரிணி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில் போய் வருகிறாள். அவள் கிளம்பியதும் என் போனில் ஒரு நீலப் புள்ளி நகரத் தொடங்கும். அது வீடு வந்து சேரும்வரை எனக்கு அடுப்பும் தெரியாது, ஆளும் தெரியாது. அன்று வீட்டுக்குள் இருக்க முடியாமல் குடையோடு ஓசூர் ரோடு திருப்பத்துக்கே போய்விட்டேன்.

அந்தத் திருப்பத்தில்தான் குழாய் பதிக்கத் தோண்டிய குழி ஒன்று ஆளை விழுங்கும் ஆழத்தில் திறந்து கிடந்தது. இந்த ஊர் வழக்கப்படி யாரோ அதில் ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அந்தக் கிளையைப் பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது குழியும் இல்லை, சாலையும் இல்லை. எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர்.

தாரிணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவள் நான்தான்.

அப்போதுதான் தெருவுக்குள்ளிருந்து குட்டியானை என்கிற அந்தச் சிறிய சரக்கு வண்டி வந்தது. குட்டியானையின் முதுகில் ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இஸ்திரிச் சட்டையில் பேரிகேட்.

"டீச்சரம்மா, என்னா மழையில நிக்கிறீங்க?"

"தாரிணி வந்துட்டிருக்கா. மடிவாளா தாண்டிட்டா. அந்தக் கிளை அடிச்சிட்டுப் போயிடுச்சுங்க. குழி எங்கன்னே தெரியல!"

அவர் தண்ணீரைப் பார்த்தார். ஓசூர் ரோட்டிலிருந்து திரும்பி வரும் ஸ்கூட்டர்களைப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"எறக்குங்கப்பா."

"அண்ணே, ஆறு மணி..." என்றார் டிரைவர்.

"எறக்குய்யா, ஜல்தி! பேஜார் பண்ணாத!"

டிரைவரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் பேரிகேட்டுமாக முழங்காலளவு தண்ணீரில் தடவித் தடவிக் குழியைக் கண்டுபிடித்து, ஒட்டகச்சிவிங்கியின் கால்களை உள்ளே இறக்கினார்கள். "மேல பாத்து! கழுத்து, கழுத்து!" என்று நானும் கத்தினேன். என் வாழ்க்கையில் சிற்பக்கலைக்கு நான் செய்த தொண்டு அதுதான். பாதிக் கால் உள்ளே போனதும் அது அசையாமல் நின்றது.

முதல் ஸ்கூட்டரின் வெளிச்சம் பட்டது. அம்மாடி! உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் அத்தனை புள்ளிகளும் பளீரென்று எரிந்தன. ஸ்கூட்டர் சறுக்கி நின்றது. அடுத்தது நின்றது. அவற்றுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றது தாரிணியின் வண்டி. அதன் முன்சக்கரத்துக்கும் குழிக்கும் நடுவே ஒட்டகச்சிவிங்கி மட்டும்தான்.

என் போன் அடித்தது.

"அம்மா, பயப்படாத. ரோட்ல ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்குது. கொஞ்சம் லேட்டாகும்."

தண்ணீருக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. தாமதத்துக்கு அவள் சொன்ன காரணம் ஒன்றை நான் மறுபேச்சில்லாமல் நம்பியது அன்றுதான்.

ஆறு மணிக்குக் கலைக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மையார் பேரிகேட்டைக் கூப்பிட்டார். சேறு சொட்டும் சட்டையோடு அவர் பணிவாகச் சொன்னார்: "மேடம், மன்னிச்சிக்கோங்க. அது டியூட்டியில இருக்குது."

கதை இதோடு முடிந்திருந்தால் இது வேறு ஊராக இருக்க வேண்டும். மறுநாள் நாங்கள் தூங்கி எழுவதற்குள் ஆட்கள் வந்து குழியை மூடிவிட்டார்கள், ஒட்டகச்சிவிங்கியின் முழங்கால்வரை கான்கிரீட்டைக் கொட்டி. பேரிகேட் பதறி ஓடினார். மேஸ்திரி நிதானமாகச் சொன்னார், "டிராயிங்குல இருக்கும்னு நெனச்சோம் சார்."

பேரிகேட் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தார். சுற்றி வந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "நல்லா கெட்டியா புடிச்சிருக்கு" என்றார்.

அந்த அம்மையாரே காரில் வந்து இறங்கினார். "வெட்டி எடுக்க முடியாதா?" என்று கேட்டார். அதற்குள் வேறொரு இலாகா பக்கத்திலேயே புதிதாகத் தோண்டத் தொடங்கியிருந்தது. பேரிகேட் அந்தக் குழியைக் காட்டினார்.

"அதோட வேலை முடியலையே மேடம்."

அம்மையார் ஒட்டகச்சிவிங்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கண்காட்சியில் பேரிகேட்டின் இடத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. வெறும் பீடத்தில் ஓர் அட்டை மட்டும் இருந்தது: 'இந்தச் சிற்பம் அடுகோடியில் பணியில் உள்ளது.' அதைப் படித்தவர்கள் ஆட்டோ பிடித்து எங்கள் திருப்பத்துக்கு வந்தார்கள். ஷேர் ஆட்டோவில் 'ஜிராஃப் ஸ்டாப்' என்றே ஒன்று உண்டாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆட்டோக்காரர்கள் அதற்கு வாழைக்கன்று கட்டி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். கூட்டத்துக்கு நடுவே பேரிகேட் சோகமாக என்னிடம் வந்தார்.

"கழுத்து ரெண்டு இன்ச்சு சாஞ்சிருக்குது டீச்சரம்மா. யாருமே கவனிக்கல."

இப்போதும் தாரிணி ஸ்கூட்டரில்தான் வருகிறாள். நான் நீலப் புள்ளியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். திருப்பம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அவளே கூப்பிடுவாள்: "ஜிராஃப் தாண்டிட்டேம்மா."

உடனே காபிக்குப் பால் வைப்பேன். மூன்று டம்ளர். ஒன்று எதிர் ஷெட்டுக்குப் போகும். அது திரும்பி வராது. வராவிட்டால் என்ன, வீட்டில் இன்னும் நிறைய டம்ளர் இருக்கிறது.