கம்போடியா அண்ணையின் ஆட்டம்

அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டி ஒரு நாளும் தோற்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் நான் மிளகாய்த்தூள் பைக்கற் கட்டிய தமிழ்க் கடையில்தான் அவருக்கும் வேலை. பெயர் எங்கள் வாயில் நுழையாது. கம்போடியா அண்ணை என்போம்.

லொறி வந்தால் மற்றவர்கள் மூட்டையைத் தூக்குவார்கள். இவர் முதலில் மூட்டைக்கு முன்னால் ஆடுவார். கைகளை அகல விரித்து, ஒரு காலைத் தூக்கி, பருந்து போலச் சுற்றி வருவார். அவருடைய நாட்டில் மல்யுத்தம் அப்படித்தானாம். மேளம் மெதுவாக அடிக்கும்போது ஆட்டம், வேகமெடுத்தால் பிடி, எவருடைய முதுகு மண்ணில் படுகிறதோ அவர் தோற்றார். மூட்டைக்கு எது முதுகு என்று கேட்க எனக்கு வெட்கம்.

லொறிக்குப் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"பஸ்காரன் ஏசுறான் அண்ணை! ஆடாமல் தூக்க ஏலாதே?"

"ஏலாது. மரியாதை இல்லை."

ஒரு நாள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. மீன் வெட்டும் செல்வனைக் கூப்பிட்டார். செல்வன், குளிர்பெட்டிக்குக் கைகால் முளைத்தது போலிருப்பான்.

"அண்ணை, இவனை விழுத்தினால் வேணுமெண்ட மட்டும் ஆடுங்கோ. நீங்கள் விழுந்தால் இனி ஆட்டமில்லை, மூட்டை மட்டும்."

அண்ணையின் முகம் வாடிவிட்டது. செல்வனுக்குப் பயந்தல்ல, மேளத்துக்கு ஆளில்லை. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் அடியுங்கோ. நான் தலையாட்டினால் கெதியா, நல்ல வேகமா."

கடைக்கு வருபவர்களுக்கே நிமிர்ந்து பதில் சொல்லாத நான், வெறும் நெய்த்தகரம் ஒன்றை மடியில் கவிழ்த்து, மெதுவாகத் தட்டத் தொடங்கினேன்.

கடையின் பின்வளவில் அண்ணை ஆடினார். செல்வனுக்கு இந்த முறையெல்லாம் தெரியுமா? ஓடிவந்து ஒரே தள்ளு. அண்ணை மல்லாந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"மேளம் வேகமில்லை. இன்னும் தொடங்கேல்லை."

மறுபடி ஆட்டம். மறுபடி தள்ளு. மறுபடி "தொடங்கேல்லை."

"என்னடா செல்வன், விழுந்தவர் ஆடுறார், விழுத்தின நீ இளைக்கிறாய்?" என்றார் முதலாளி.

செல்வன் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான். "அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், எப்பதான் தொடங்குவியள்?"

அண்ணை எனக்குத் தலையாட்டினார். நான் தகரம் நெளிய அடித்தேன். அடுத்த கணம் செல்வன் வானம் பார்த்துக் கிடந்தான்.

"சரி, ஆடித் துலையுங்கோ!" என்றார் முதலாளி.

அண்ணை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, இரு கையும் கூப்பி, குனிந்து கும்பிட்டார். மேளக்காரருக்கு அதுதான் மரியாதையாம். லண்டனுக்கு வந்த பிறகு என்னை ஒருவர் கும்பிட்டது அன்றுதான். தகரத்தை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

அந்த இரண்டு தட்டுக்கும் அவர் எனக்காக ஆடினார்.