மூணு ஹாரன் மாமாவைக் கப்பலிலிருந்து இறக்கிய கதை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கரங்கானிலிருந்து பாக்கார் ஆராங் வரை, எங்கள் மூணு ஹாரன் மாமா ஒரு தடவையாவது நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகாத தமிழ்க் குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒரு குடும்பம் இருந்தால் அவர்கள் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். வீடு லூனாசில். கூலிமில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை நாற்பது வருடமாக ஓட்டுகிறார். விடிவதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி மூன்று ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஓய்வதற்குள் உங்கள் கால் படியில் இருந்தால் உங்களுக்கு அன்றைக்கு வேலை உண்டு. ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலும் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அப்படி நின்ற ஒரு அக்கா இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார்.

ஒருமுறை தொழிற்சாலையின் பெரிய அதிகாரி, தொழிலாளிகள் எப்படி வருகிறார்கள் பார்ப்போம் என்று ஆசைப்பட்டு அந்த பஸ்ஸில் ஏறினார். வழியில் இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை போட்டோ எடுத்தார். மூன்று ஹாரன் அடித்தது. பஸ் போய்விட்டது. பாதுகாவலர் தொழிற்சாலை கேட்டைச் சாத்தி ஒரு மணி நேரம் கழித்து, மண்வெட்டி ஏற்றிவந்த லாரியில் அதிகாரி வந்து சேர்ந்தார். மாமாவுக்கு வேலை போச்சு என்று எல்லாரும் நினைத்தோம். அடுத்த மாதம் அதே அதிகாரி கையால் மாமாவுக்கு நேரந்தவறாமைச் சான்றிதழ் கிடைத்தது. அது இன்றும் வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, முருகனைவிடப் பெரிய சட்டத்தில்.

சொந்தக் கல்யாணத்திலும் இதே கூத்துதான். தாலி கட்டி முடித்து எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். அத்தை செருப்பை எடுக்கக் கோயில் வாசலுக்குத் திரும்பிப் போனாள். மாமா மாலையும் கழுத்துமாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மூன்று ஹாரன் அடித்தார். வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள், மாப்பிள்ளை மட்டும் இறங்குவதைப் பார்த்து யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் விழித்தார்களாம். அன்றிலிருந்து அத்தை செருப்பைக் கழற்றாமல்தான் படுக்கிறாள் என்பது எங்கள் குடும்பத்துப் பேச்சு.

என்னையும் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நானும் அந்த பஸ்ஸில்தான் போவேன். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் பரீட்சையின் முதல் நாள், ஒரு பக்கம் பின்னி முடித்து மறுபக்கம் சீப்பு தொங்க வெளியே ஓடி வந்தேன். பஸ்ஸின் பின்விளக்குதான் தெரிந்தது. சொந்தத் தங்கச்சி மகள் என்ற நினைப்புகூட இல்லை அந்த மனுஷனுக்கு. மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்பவர் பாவப்பட்டு ஏற்றிக்கொண்டார். பரீட்சை மண்டபத்தில் நான் உட்கார்ந்த வரிசை முழுக்க ரொட்டி வாசனை. பக்கத்து மேசைப் பெண் என்னைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கினாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். போன வருடம் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஈப்போவில் ஒரு கல்யாணம். மாமா தன் காரில் அத்தையையும் என் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார்; என் தம்பி தன் காரில் வந்தான். அம்மாவுக்கு முட்டியில் ஆப்பரேஷன் செய்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தியபோது அம்மா கைப்பையை சீட்டிலேயே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். அத்தை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா மூன்று ஹாரன் அடித்தார். அம்மா வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை கண்விழித்தது ஈப்போ டோல் சாவடியில். கேட்டதற்கு, தம்பி கார் பின்னால் வருகிறது, அதில் ஏறிக்கொள்வாள் என்றாராம். தம்பி எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தான்.

கைப்பை இல்லாமல், போன் இல்லாமல், பீசாங் கோரெங் கடைக்காரி கொடுத்த நாற்காலியில் தம்பி காரைத் திருப்பிக்கொண்டு வரும்வரை என் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொரித்த வாழைப்பழத்துக்குக் கொடுக்கக்கூடக் கையில் காசு இல்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே ஆறியிருப்பேன்.

இதற்கு நடுவில்தான் கப்பல். பினாங்கிலிருந்து புறப்பட்டு மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டு வரும் உல்லாசக் கப்பலில் எங்கள் குடும்பத்து ஒன்பது பேருக்கும் நான்தான் இணையத்தில் பதிந்திருந்தேன். மாமா, அத்தை, அம்மா, நான், என் கணவர், தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். ஈப்போவிலிருந்து திரும்பிய வாரமே பாக்கார் ஆராங்கில் என் வீட்டில் கூட்டம் போட்டேன். மாமாவைக் கூப்பிடவில்லை. அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்று நான் சொன்னேன். அத்தை என்ன சொல்வாளோ என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"எடுத்துருலா," என்றாள் அத்தை. "நாப்பது வருஷமா செருப்போட தூங்குறேன். மூணு நாளாச்சும் என் காலு காத்தாட இருக்கட்டும்."

அம்மா மட்டும் வாய் திறக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கோபத்தில் இருந்தேன்.

கணினியைத் திறந்தால், எட்டுப் பேருக்குப் பக்கத்திலும் 'நீக்கு' என்று இருக்கிறது. மாமா பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண். முதலில் எழுதியிருக்கும் பெயர்தான் பதிவுக்குத் தலைவர், அவரை எடுக்க வேண்டுமென்றால் அவரே சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பேரின் பயணமும் ரத்தாகும் என்றாள்.

மாமா பெயரை முதலில் எழுதச் சொன்னது அம்மா. கல்யாணப் பத்திரிகையில் வயதில் மூத்தவர் பெயரை முதலில் போடுவதில்லையா, அதுபோல. கீழே போட்டால் அண்ணன் மனசு சங்கடப்படும் என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு எழுதினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதை நான் தும்பிக்கை இல்லாமலேயே செய்துவிட்டிருந்தேன்.

சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைக்கப் போனேன். அந்தப் பெண் சம்மதம் கேட்டு மாமா போனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அதை நிறுத்தச் சொன்னேன்.

"சிஸ்டத்துல போயிருச்சுலா அக்கா," என்றாள் சாவதானமாக.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் மூன்று ஹாரன். எட்டிப் பார்த்தால், நாற்பத்து நாலு பேர் உட்காரும் தொழிற்சாலை பஸ் எங்கள் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்வீட்டுச் சீனக் கிழவர் காரை வெளியே எடுக்க முடியாமல் கை விரித்து நிற்கிறார். நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, போய்விடுவார், போய்விடுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் நகரவில்லை. மாமா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். கையில் போன்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் நெறய பேர விட்டுட்டுப் போயிருக்கேன் புள்ள. இல்லன்னு சொல்லல. ஆனா ஒருத்தரயும் சொல்லாம விட்டதில்ல. மூணு தடவ அடிச்சிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். நீங்க ஒரு தடவகூட அடிக்கலயே."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததையெல்லாம் அன்றைக்குக் கேட்டேன். முட்டியில் கத்தி வைத்த பொம்பளை எத்தனை ஹாரன் அடித்தால் ஓடி வர முடியும் என்று கேட்டேன். சொந்தத் தங்கச்சிக்கு ஐந்து நிமிடம் நிற்க முடியாதா என்று கேட்டேன்.

ஒரு பெண்ணுக்காக நின்றால் மற்ற நாற்பது பெண்களுக்கும் பாதுகாவலர் கேட்டைச் சாத்திவிடுவார், அவர்கள் வயிற்றில் யார் அடிப்பது என்று தன் பழைய பாட்டை ஆரம்பித்தார். அந்த நியாயம் பஸ்ஸுக்குச் சரி. அதை நான் மறுக்கவில்லை.

"அன்னைக்கு கார்ல நாப்பது பேரு இல்ல மாமா. ரெண்டே பேரு. அதுல ஒருத்தங்கள விட்டுட்டுப் போனீங்க. எந்த கேட்டு சாத்துறாங்கன்னு போனீங்க?"

மாமா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவில்லை. அப்படியும் என் கோபம் ஓர் அங்குலம் இறங்கவில்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல வரலன்னு சொல்ல எந்த நம்பர அமுக்கணும்?"

காட்டினேன். இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வது அதற்காகத்தான். வேண்டாம் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் அமுக்கினார். அமுக்கிவிட்டு, பினாங்கு துறைமுகத்துக்கு யார் வண்டியில் போகப் போகிறீர்கள், இத்தனை பெட்டியோடு எப்படிப் போவீர்கள், நான் பஸ் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டே நாளில் யாருக்கும் தெரியாமல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தாள். பயணிகள் பட்டியலை மூடியாகிவிட்டது, இனி எடுக்கலாம், சேர்க்க முடியாது என்றாள். கெஞ்சினேன், கத்தினேன். அவளுடைய சிஸ்டத்துக்கு அம்மாவும் தெரியவில்லை, அண்ணனும் தெரியவில்லை.

புறப்படும் காலையில் பஸ் வந்து நின்றது. அம்மா மருந்துப் பெட்டியைத் தேடினார், திரும்பப் போய்ப் பூஜை விளக்கை அணைத்தார், கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். வெளியே ஹாரன் சத்தமே இல்லை. பஸ் போய்விட்டதோ என்று பயந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமா பஸ் படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அது ஆடுகிறதா என்று தானே ஏறி ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முட்டி வலிக்காமல் அதில் கால் வைத்து ஏறினார்.

"வந்துட்டியா? நேரம் இருக்கு, மெதுவா உக்காரு," என்றார் தங்கச்சியிடம்.

துறைமுகத்தில் ஒன்பது பெட்டிகளையும் அவரே இறக்கினார். எட்டுப் பேர்தானே, ஒன்பதாவது யாருடையது என்று பார்த்தால், அது அத்தைக்கு அவர் கட்டிக் கொடுத்த முறுக்கும் தைலமும். கேட் வரை வந்தார். அங்கிருந்த காவலர் பயண அட்டை கேட்டதும் மாமா நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அழுதால் கோபம் போய்விடும். போகவிட எனக்கு மனசில்லை.

கப்பலில் அத்தை முதல் நாள் முழுக்க, கடவுளே நிம்மதி, நிம்மதி என்றாள். இரண்டாம் நாளிலிருந்து வாயைத் திறந்தால் மாமா கதைதான். அந்த மனுஷன் இருந்தால் இந்தக் கப்பல் கேப்டனுக்கே நேரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்றாள். அம்மா சிரித்தார். ஈப்போவுக்குப் பிறகு அம்மா மாமாவைப் பற்றிச் சிரித்தது அப்போதுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் பழைய பட்டியல்படி எங்களுக்கு ஒன்பது பேர் உட்காரும் மேசை போட்டிருந்தார்கள். பரிமாறும் பையன் வந்து, காலியாக இருந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா, பக்கத்து மேசைக்கு வேண்டும் என்று மலாயில் கேட்டான். என் தம்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினான். நான் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு ஆள் இருக்கிறது என்று சொன்னேன்.