பெரிய பிளைண்டை எப்போது விட்டுக்கொடுக்கக் கூடாது

ஜூலை 10, புதன்கிழமை, பிற்பகல் 2.05. என் முன்னால் 97 வாஷர்.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருப்பவரும் நலமாகவே இருப்பீர்கள். கப்பலில் இருக்கும் அத்தானும் நலம்தான், இல்லையென்றால் இதற்குள் உனக்குச் செய்தி வந்திருக்கும். மரியாதைகள் முடிந்தன. விஷயத்துக்கு வருகிறேன்.

"பதினெட்டாம் தேதின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ வருவியா மாட்டியா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைடா" என்று மூன்று வாரமாகப் போனில் கேட்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் "பாக்குறேன்" என்றேன். போன வாரம் அதற்கு அழவே செய்தாய். லீவு கையில் இல்லாமல் வருகிறேன் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இப்போது சொல்கிறேன்: வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதை நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை விடச் சுவாரசியமான விஷயம் எங்கள் பட்டறையில் இதுவரை நடந்ததில்லை.

எங்கள் பம்ப் பட்டறையில் ஜூலை 15 முதல் 20 வரை நான்கு பேர் லீவு கேட்டோம். பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் நான், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோரம்மா, கிரேன் ஓட்டும் கொக்கி, பெயிண்டர் அண்ணன். "ஒரு நேரத்துல ஒருத்தர்தான். உங்களுக்குள்ளயே முடிவு பண்ணிக்குங்க" என்று மேற்பார்வையாளர் கதவைச் சாத்திக்கொண்டார். போன வருஷம் இதே மாதிரி வந்தபோது ஆளாளுக்கு உறவினர்களைப் படுக்கையில் போட்டார்கள். கொக்கி தன் மாமனாரை மூன்று முறை சாகக் கிடக்க வைத்தார். நான்காம் முறை வாயைத் திறக்கும்போது அந்த மாமனாரே சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். அதனால் இந்த முறை நான் ஒரு சட்டம் போட்டேன்: யாரும் காரணம் சொல்லக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போக்கர் ஆடுவது, தினம் பன்னிரண்டு ஆட்டம், பதினெட்டு வேலை நாள். காசுக்குப் பதிலாக ஆளுக்கு அறுபது வாஷர், போல்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையம். கடைசி நாளில் யாரிடம் அதிகமோ அவருக்கு லீவு. காசு கிடையாது. வாஷரைக்கூட ஸ்டோரம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

உனக்குப் போக்கர் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர், தங்கள் சீட்டைப் பார்க்கும் முன்பே, கட்டாயமாக வாஷர் வைக்க வேண்டும். அதற்குப் பிளைண்ட் என்று பெயர். சின்னது ஒன்று, பெரியது இரண்டு. இந்தக் கட்டாயம் ஆள் மாற்றி ஆள் சுற்றி வரும். நீ பெரிய பிளைண்ட் வைத்திருக்கும்போது எதிரே இருப்பவர் ஐந்தாக ஏற்றினால், நீ இன்னும் மூன்று வைத்துத் தொடரலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்த இரண்டை மறந்துவிடலாம். எப்போது தொடர்வது, எப்போது மறப்பது? அக்கா, இதுதான் கேள்வி. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்காததற்கு இதுவே காரணம்.

நான் மறந்துகொண்டே இருந்தேன். முதல் பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு முறை பெரிய பிளைண்ட் வைத்தேன். எதிரே உட்கார்ந்த ஸ்டோரம்மா இருபத்தொன்பது முறை ஏற்றினார். இருபத்தாறு முறை கவிழ்த்தேன். "தம்பி, நீ வாஷர் வைக்கிறியா, இல்ல வாரி வழங்குறியா?" என்றார் கொக்கி. "சும்மா இருப்பா, குடுக்கிற கையைத் தடுக்காதே" என்று ஸ்டோரம்மா தயிர்சோற்றை மென்றபடி அள்ளிக்கொண்டார். என்னிடம் மிச்சம் பத்தொன்பது.

அன்று மாலைதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் வைத்த ஐந்து, என் இரண்டு, சின்ன பிளைண்டுக்காரர் விட்டுப்போன ஒன்று, ஆக எட்டு. நான் மூன்று போட்டால் பதினொன்று. பதினொன்றில் மூன்று என்றால் நூற்றுக்கு இருபத்தேழு முறை ஜெயித்தாலே எனக்கு நஷ்டமில்லை! நானோ பாதிக்குப் பாதி ஜெயிக்கும் சீட்டு வேண்டும் என்று காத்திருந்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு, நடுவில் பொதுச் சீட்டுகள் திறந்த பிறகு அவர் எப்போதும் எனக்குப் பின்னால்தான் பேசுவார், நான் செய்வதைப் பார்த்துவிட்டுத் தான் செய்வார். அதற்காகக் கொஞ்சம் கூட்டி, முப்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த எண்கள், ஒரே இனச் சீட்டுகள், சின்ன ஜோடிகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஜூலை 4, வியாழக்கிழமை முதல் எதிர்த்து நின்றேன். விளைவைப் பார்: அடுத்த ஆறு நாளில் பதினெட்டு பிளைண்ட், ஸ்டோரம்மா ஏற்றியது நான்கே முறை. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்; நான் ஏற்றினாலும் கவிழ்த்துக்கொண்டே இருந்தார், என் வாஷர் மளமளவென்று ஏறியது. எனக்கு ஒரே வியப்பு. ஒரு மனுஷியின் நடத்தையை ஒரு பின்னக் கணக்கு மாற்றிவிட்டது.

இன்று கடைசி ஆட்டம். எனக்குப் பெரிய பிளைண்ட். அவரிடம் 105, என்னிடம் 85. அவர் ஐந்தாக ஏற்றினார். என் கையில் ஒரே இனத்தில் ஒன்பதும் ஏழும். பட்டியலில் இருக்கிறது. தொடர்ந்தேன். எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டில் முதல் மூன்றை நடுவில் திறந்தார்கள், அவர் ஆறு வைத்தார், நானும் வைத்தேன். நான்காவது சீட்டு ஒன்பது, எனக்கு ஜோடி. அவர் சும்மா இருந்தார். ஐந்தாவதில் நான் பத்து வைத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "போ" என்று கவிழ்த்தார். பெயிண்டர் அண்ணன் என் முதுகில் தட்டிய தட்டு இன்னும் வலிக்கிறது.

அத்தானிடம் பேசினால் என் வணக்கத்தைச் சொல். பிறக்கப்போகிறவருக்கு முன்கூட்டியே என் ஆசிகள்.

உன் தம்பி.

பி.கு. மாலை 5.40. மேலே எழுதியதில் கணக்கு சரி, மற்றதெல்லாம் தப்பு.

வாஷரைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனேன். "கடைசி ஆட்டத்துல உங்க கையில என்ன இருந்துச்சு?"

"அது எதுக்கு உனக்கு?"

"தெரிஞ்சுக்கணும்."

"ரெண்டு ராஜா."

அக்கா, இரண்டு ராஜாவுக்கு முன் என் ஒன்பது ஜோடி ஒன்றுமே இல்லை. "பின்ன ஏன் கவிழ்த்தீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கம்பியில் குத்தியிருந்த ஸ்டோர் கோரிக்கைத் தாள்களில் ஒன்றை உருவிக் காட்டினார். என் கையெழுத்து. கழித்துப்போட்ட சாமான் கேட்டு ஜூலை 4 காலை 8.40-க்கு நான் கொடுத்தது: ஆறு மில்லி போல்ட் எட்டு, கால்களுக்கு ரப்பர் மூடி நான்கு. நோக்கம்: அக்காவின் முதல் குழந்தைக்குத் தொட்டில். ஜூலை 18-க்கு முன் தேவை.

"காரணம் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தா நான் என்னடா பண்றது?"

"அப்போ அந்த நாலு தடவை ஏன் ஏத்தினீங்க?"

"ஒரேயடியா விட்டா உனக்குச் சந்தேகம் வரும்ல? இன்னிக்கு மட்டும்தான் கை அரிச்சிடுச்சு. ரெண்டு ராஜா வந்தா எவளாலதான் சும்மா இருக்க முடியும்? நாலாவது சீட்டுலதான் தொட்டில் ஞாபகம் வந்துச்சு."

அவருக்கு எதற்கு லீவு என்று கேட்டேன். சட்டம் உடைந்தாகிவிட்டதே. "பல்லு கட்டணும். ரெண்டு நாள் வேலை. அது எங்கயும் ஓடிடாது, ஏற்கெனவே ஓடினதுதானே."

இரண்டு நாள்! ஒரு நேரத்தில் ஒருவர் என்றுதான் மேற்பார்வையாளர் சொன்னார், ஒரு வாரத்துக்கு ஒருவர் என்று அல்ல. இது முதல் நாளே என் மூளைக்கு எட்டவில்லை. ஆகவே இனி செய்யப்போவது:

1. நாளை காலை 8 மணிக்கு மேற்பார்வையாளர் கதவைத் தட்டி, திங்கள், செவ்வாய் ஸ்டோரம்மாவுக்கு, புதன் முதல் சனி வரை எனக்கு என்று எழுதி வாங்குவேன். கதவைச் சாத்தினால் சன்னல் வழியாக.

2. செவ்வாய் மாலை வேலை முடிந்ததும் தொட்டிலைப் பிரித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அதுவரை அவசரப்பட வேண்டாம் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிவை.

3. திரும்பி வந்ததும் ஸ்டோரம்மாவுடன் ஐம்பத்துநான்கு பிளைண்ட் மறுபடியும் ஆடுவேன், லீவு எதையும் பணயம் வைக்காமல். எதிர்த்து நின்றால் உண்மையில் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் பல் கட்டி, நன்றாக மெல்லத் தொடங்கிய பிறகுதான் ஆட வேண்டும். அப்போதுதான் சோதனை நியாயமாக இருக்கும்.